கிரீன் டீயும் கிருமிகளும்: மருந்தக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு மருந்தகத்தில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறேன். லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கிவிட்டு வருகிறவர்கள், தண்ணீர்மலைக் கோயிலில் சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து இறங்குகிறவர்கள் என்று பல பேர் மேசை முன் நின்று கேட்பது இது: "கிரீன் டீ குடிச்சா கிருமி செத்துடுமாமே, உண்மையாம்மா?" வாட்சப்பில் சுற்றும் செய்திகளில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

கிரீன் டீ உண்மையிலேயே கிருமியைக் கொல்லுமா?

தொட்ட இடத்தில், ஓரளவுக்கு, ஆமாம். உடம்புக்குள் பரவிவிட்ட நோய்த்தொற்றை, இல்லை. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த இரண்டு வரியின் விரிவுதான். எங்கே அது வேலை செய்யும் என்று தெரிந்து குடித்தால் நல்ல பலன் உண்டு. தெரியாமல் அதையே மருந்தாக நம்பினால் ஆபத்து வந்து சேரும்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

கேட்டச்சின் என்ற சத்துக் குடும்பம். அதில் முக்கியமானது, அளவிலும் கூடியது, எபிகேலோகேட்டச்சின் கேலேட். பெயர் நீளம் என்பதால் எல்லாரும் இஜிசிஜி என்பார்கள். ஒரு கோப்பை கிரீன் டீயில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் வரை இது இருக்கும். இலையின் தரத்தையும் நீங்கள் ஊற வைக்கும் விதத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

கறுப்புத் தேயிலையும் இதே செடியிலிருந்துதான் வருகிறது. பறித்த இலையை உடனே ஆவியில் வேக வைத்தோ, சூடான வாணலியில் வதக்கியோ எடுத்தால் இலைக்குள் இருக்கும் நொதி அடங்கிவிடும். கேட்டச்சின் அப்படியே தங்கும், நிறமும் பச்சையாக நிற்கும். ஜப்பானியர் ஆவியில் வேக வைப்பார்கள், சீனர்கள் பெரும்பாலும் வதக்குவார்கள். இலையைக் கசக்கி காற்றுப்பட விட்டால் கேட்டச்சினில் பெரும்பகுதி தியாஃப்ளேவின் போன்ற வேறு பொருள்களாக மாறி, இலை கறுத்துவிடும். அந்தத் தியாஃப்ளேவினுக்கும் கிருமியை அடக்கும் குணம் கொஞ்சம் உண்டு.

இஜிசிஜி கிருமியை என்ன செய்கிறது?

ஒரே வழியில் தாக்குவதில்லை. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு அதைக் குலைக்கும். செல் சுவரைக் கட்டும் பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளைப் பற்றிக்கொள்ளும். மரபுப் பொருளைச் சுருட்டி அவிழ்க்கும் நொதியையும், கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியையும் தடுக்கும். கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சிறிதளவு உண்டாக்கும்.

எல்லாக் கிருமியும் ஒன்றுபோல் மடங்காது. தோலில் கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் வகைகள் சீக்கிரம் அடங்கும். ஈ.கோலை, சால்மனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம்போல் இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை வைத்து ஆய்வகத்தில் பார்த்தபோது, தேயிலையின் கேட்டச்சின்களைச் சேர்த்தால் பழைய பென்சிலின் வகை மருந்துகள் அதன்மேல் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் ஆர்வம் வருவது நியாயம். ஆனால் அது கண்ணாடித் தட்டில் நடந்தது.

கண்ணாடித் தட்டில் நடப்பது உடம்பில் ஏன் நடக்காது?

எல்லாம் அளவுக் கணக்கு. சோதனைக் குழாயில் பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்த, ஒரு மில்லிலிட்டருக்குப் பல பத்து மைக்ரோகிராம் முதல் சில நூறு மைக்ரோகிராம் வரை இஜிசிஜி வேண்டும். நீங்கள் இரண்டு மூன்று கோப்பை குடித்த பிறகு இரத்தத்தில் அது ஒரு மில்லிலிட்டருக்கு அரை மைக்ரோகிராமைத் தொடுவதே அரிது. குடல் அதை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் ஈரல் உருமாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே நுரையீரலில் நிமோனியா, காலில் சீழ், இரத்தத்தில் தொற்று என்றால், தேநீரிலிருந்து அங்கே போய்ச் சேருவது எதற்கும் காணாது.

கோப்பையில் இருக்கும் தேநீரின் கதை வேறு. அதில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நேராகத் தொடும் இடம் வாயும் தொண்டையும். பலன் அங்கேதான் தெரியும்.

அப்படியென்றால் பல்லுக்கு நல்லதா?

நல்லது. எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ள பகுதி இதுதான். பல் சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி, நாம் சாப்பிடும் சீனியை எடுத்துப் பசைபோன்ற ஒரு பொருளைச் செய்து, அதைக்கொண்டு பல்லில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அமிலத்தைக் கக்கி எனாமலை அரிக்கிறது. கேட்டச்சின் அந்தக் கிருமியை அடக்குவதோடு, பசை செய்யும் நொதியையும் தடுக்கிறது. மாவுச்சத்தை வாயிலேயே சீனியாக உடைக்கும் எச்சில் நொதியையும் மந்தமாக்குகிறது. போதாததற்குத் தேயிலையில் இயல்பாகவே ஃபுளோரைடு உண்டு. ஈறு வீக்கத்துக்குக் காரணமான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமியையும் இது ஆய்வகத்தில் கட்டுப்படுத்துகிறது. கிரீன் டீ கலந்த வாய்க்கொப்பளிப்பு நீரை ஆட்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பல்படலம் குறைந்தது தெரிந்தது.

ஒரு விவரத்தை மறக்காதீர்கள். குடித்து முடித்ததும் எச்சிலில் கேட்டச்சின் நிறைய இருக்கும், ஆனால் 10 முதல் 20 நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். மடமடவென்று விழுங்குவதைவிட, ஒவ்வொரு வாயையும் சில நொடி வைத்திருந்து விழுங்குவது மேல். இரவில் பல் துலக்குவதற்கு இது மாற்றாகாது. ஃபுளோரைடு பற்பசைதான் முதல் வரிசை, கிரீன் டீ அதற்குப் பின்னால்.

வாய் நாற்றம் போகுமா?

சற்று நேரத்துக்குக் குறையும். வாய்க் கிருமிகள் உண்டாக்கும் கந்தக வாயுக்களைக் கேட்டச்சின் கட்டுப்படுத்துகிறது. ஆனால் சில மணி நேரம் கழித்து நாற்றம் திரும்பிவிடும். நாள்பட்ட நாற்றம் என்றால் ஈறு நோய், சொத்தை, நாக்கில் படிந்த படலம், சர்க்கரை நோய் என்று காரணம் வேறு எங்கோ இருக்கும். பல் டாக்டரைப் பாருங்கள்.

தொண்டை வலிக்குக் கொப்பளிக்கலாமா?

கொப்பளிக்கலாம், இதமாக இருக்கும். ஆனால் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஜப்பானில் கிரீன் டீயால் கொப்பளித்தால் இன்ஃபுளுவென்சா வராமல் தடுக்க முடியுமா என்று பலமுறை பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒரே பக்கமாக இல்லை. 2014ல் வெளியான, ஷிசுவோகா மாவட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தண்ணீரால் கொப்பளித்தவர்களுக்கும் தேநீரால் கொப்பளித்தவர்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

பிள்ளைக்கு இருமலே இல்லாமல் கடுமையான காய்ச்சல், தொண்டையில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தில் நெறிகட்டு என்றால் கொப்பளித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அது ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைப் பாதிக்கும்.

வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கொல்லுமா?

எச்.பைலோரி பற்றிக் கேட்கிறீர்கள். மலேசியத் தமிழர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. இந்நாட்டில் செய்த ஆய்வுகளில், மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடமே இந்தக் கிருமி அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது, மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, இந்தக் கிருமிதான் பெரும் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் காட்டினார்கள். 2005ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்று அமிலத்தில் உயிரோடு இருக்க, இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியால் அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. கேட்டச்சின் அந்த நொதியைத் தடுப்பது ஆய்வகத்திலும் விலங்குகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனால் தேநீர் வயிற்றில் கொஞ்ச நேரம்தான் தங்கும், கிருமியோ சளிப்படலத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும். குடித்தே அதை ஒழித்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, வழக்கமாக 14 நாள், டாக்டர் தருவதை முழுதாகச் சாப்பிட வேண்டும்.

அடிக்கடி மேல்வயிறு எரிகிறது, சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்றால் மூச்சுப் பரிசோதனை உண்டு, ஊசிகூட இல்லை. வெறும் வயிற்றில் கடுமையான கிரீன் டீ குடித்துக்கொண்டு "கிருமி சாகுது, அதான் எரியுது" என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலுக்குக் காரணம் கிருமி சாவது அல்ல. காலி வயிற்றில் டானினும் காபீனும் அப்படித்தான் செய்யும்.

சிறுநீர்க் கடுப்புக்கு?

கேட்டச்சின்களில் எபிகேலோகேட்டச்சின் என்ற இன்னொன்று சிறுநீரில் ஓரளவு வெளியேறுகிறது. ஆய்வகத்தில் ஈ.கோலையை அது அடக்குவதால் ஆர்வம் எழுந்தது. மனிதர்களிடம் உறுதியான பலன் காட்டப்படவில்லை. காபீன் சிறுநீர்ப்பையை எரிச்சல்படுத்தவும் செய்யும். தண்ணீர் குடியுங்கள். காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீரில் இரத்தம் இருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது கிரீன் டீ குடிக்கலாமா? அதையே மாற்றாகக் குடிக்கலாமா?

முதல் கேள்விக்கு: பெரும்பாலும் குடிக்கலாம். சிப்ரோஃபுளோக்சசின் மட்டும் கவனம். அது காபீன் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். வழக்கமாகக் குடிக்கும் இரண்டு கோப்பையே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். எந்த மாத்திரையையும் வெறும் தண்ணீரில் விழுங்குங்கள்.

இரண்டாவதற்கு: கூடவே கூடாது. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர், காலில் செல்லுலைட்டிஸ் என்ற தோலடித் தொற்று வந்து டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். என்னிடம் வந்தபோது சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்தார். ஒரு வரிசைதான் காலி, மற்றவை எல்லாம் அப்படியே பளபளவென்று இருந்தன. "காய்ச்சல் விட்டுருச்சேம்மா. இனி மாத்திரை எதுக்கு, கிரீன் டீயே பாத்துக்கும்னு நெனச்சேன்," என்றார். கைலியைச் சற்று தூக்கிக் காட்டினார். கணுக்காலில் தொடங்கிய சிவப்பு முழங்காலை நெருங்கியிருந்தது, தோல் இறுகி மின்னியது, கை வைத்தால் சூடு. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினோம், ஊசி மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.

"அங்கிள், டீ உங்க காலுக்கு வந்து சேரவே இல்ல" என்றுதான் அவரிடம் சொன்னேன். காய்ச்சல் விடுவது கிருமி குறைந்ததற்கு அடையாளம், ஒழிந்ததற்கு அல்ல. டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். போன தடவை மிஞ்சியதை எடுத்து இப்போது விழுங்குவதும், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையைக் கடன் வாங்குவதும் வேண்டாம். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் ஆன்டிபயாட்டிக்குக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் நாங்கள் தர மறுப்பது அதனால்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாமாக் கடையில் குடிக்கும் தே தாரிக்கிலும் இந்தப் பலன் கிடைக்குமா?

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஏறக்குறைய இல்லை. கறுப்புத் தேயிலையில் கேட்டச்சின் ஏற்கெனவே குறைவு. பாலில் உள்ள கேசின் புரதம் மிச்சமிருப்பதைப் பற்றிக்கொள்ளும். கட்டிப்பாலின் சீனியோ, நாம் விரட்ட நினைக்கும் அதே பல்கிருமிக்கு விருந்து. ஆசைக்குக் குடியுங்கள், கிருமி கதையை அதில் சேர்க்காதீர்கள்.

மாமாக் கடையிலேயே நல்ல வழி ஒன்று உண்டு: தே ஓ கோசோங். பாலும் இல்லை, சீனியும் இல்லை. கிரீன் டீ அளவுக்கு வராவிட்டாலும் தியாஃப்ளேவினாவது வாய்க்குக் கிடைக்கும். நோன்புத் திறப்பு விருந்தோ சீனக் கடைச் சாப்பாடோ, மேசையில் சூடான சீனத் தேநீர் வைத்தால் அதையே கேளுங்கள்.

பாட்டிலில் விற்கும் கிரீன் டீ?

லேபிளைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒரு தங்கை தினமும் மதியம் ஒரு பாட்டில் கிரீன் டீ குடிப்பதாகச் சொன்னாள், பல் சொத்தை குறையவில்லை என்று வருத்தம். பாட்டில் கைப்பையிலேயே இருந்தது. இருவரும் சேர்ந்து "குலா" (சீனி) என்ற வரியை விரலால் தேடினோம். 100 மில்லிக்கு 4.8 கிராம். "கம்மிதானேக்கா?" என்றாள். பாட்டில் 500 மில்லி, ஆகவே 24 கிராம் சீனி, ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

2019 ஜூலையில் மலேசியாவில் சீனி பான வரி வந்தபோது, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் போனால் லிட்டருக்கு 40 சென் என்று வைத்தார்கள். ஆகவே வரிக்குத் தப்பியது என்பதால் பல்லுக்குத் தப்பியது என்று ஆகாது. அதே 2019ல் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும் இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு என்று சொன்னது. நம் சனத்துக்கு இனிப்புக் கலந்த "ஆரோக்கிய பானம்" எதுவுமே ஆரோக்கிய பானமில்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

வீட்டில் எப்படிப் போடுவது?

200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி இலை, சுமார் 2 கிராம். தண்ணீரைக் கொதிக்க விட்டு இறக்கி, ஐந்து நிமிடம்போல ஆற விடுங்கள். 80 டிகிரிக்கு வந்ததும் இலையில் ஊற்றி மூன்று நிமிடம். இன்னும் சூடாக, இன்னும் அதிக நேரம் என்றால் கேட்டச்சின் கூடுதலாக இறங்கும், ஆனால் வாய் வைக்க முடியாத கசப்பும் இறங்கும். குடிக்க முடிந்தால்தானே பலன். தேயிலையைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைக்கும் நம் பழக்கம் இதற்கு ஒத்துவராது. எலுமிச்சையோ லீமாவ் கஸ்தூரியோ கொஞ்சம் பிழியலாம். புளிப்பில் கேட்டச்சின் சிதையாமல் நிற்கும், ஆனால் பல் எனாமலுக்காகச் சில சொட்டோடு நிறுத்துங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று 2016ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது.

கிருமியைக் கொல்லும் என்றால் ராத்திரி போட்டதைக் காலையில் குடிக்கலாமே?

நம் ஊர் வெக்கையில் வேண்டாம். தேநீரிலும் கிருமியும் பூஞ்சையும் வளரும். பிழிந்த இலையைக் கிண்ணத்தில் இரண்டு நாள் மறந்து வைத்துப் பாருங்கள், வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை பூத்திருக்கும். மிஞ்சியதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கிரீன் டீ மாத்திரை, காப்ஸ்யூல் இன்னும் பலமா?

பலம் அதிகம் என்பதுதான் பயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் ஆராய்ந்து, சத்து மாத்திரைகள் வழியாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி எடுத்தவர்களுக்கு ஈரல் நொதிகள் ஏறியதைச் சுட்டிக்காட்டியது. தேநீராகக் குடிப்பதை அது பொதுவாகப் பாதுகாப்பானது என்றே சொன்னது. போதாததற்கு, காப்ஸ்யூல் வாயைத் தொடாமல் நேராக உள்ளே போய்விடுகிறது. பலன் தரும் இடத்தை விட்டுவிட்டு ஈரலுக்குச் சுமையைக் கொடுப்பானேன்?

யாராவது விற்றால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆன்லைனில் "மெலிய வைக்கும்" என்று வரும் பொட்டலங்களை நான் தொடச் சொல்லவே மாட்டேன்.

புண்ணில், கண் கட்டியில் டீ பை வைக்கலாமா?

வைக்காதீர்கள். தொட்ட இடத்தில் வேலை செய்யும் என்று சொன்னேன், ஆனால் சமையலறை டீ பை கிருமி நீக்கியதல்ல. அமெரிக்காவில் 2006ல் கிரீன் டீ கேட்டச்சின்களைச் சுத்திகரித்துச் செய்த 15 விழுக்காடு களிம்பு ஒன்றுக்குப் பிறப்புறுப்பு மருக்களுக்காக அனுமதி கிடைத்தது. அது அளந்து, தரம் பார்த்துச் செய்த மருந்து. சர்க்கரை உள்ளவர்கள் கால் புண்ணில் தேநீர் ஊற்றுவது விரலையே பறிகொடுக்க வைக்கலாம்.

டெங்கிக்கு?

டெங்கி வைரஸ். கிரீன் டீக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீரும் உப்புக் கரைசலும் குடித்து, உடனே கிளினிக்கில் இரத்தம் பாருங்கள்.

யார் யோசித்துக் குடிக்க வேண்டும்?

இரத்தச் சோகை உள்ள பெண்கள் முதலில். கீரை, பருப்பு வழியாக வரும் இரும்புச்சத்தைத் தேயிலை தடுத்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். சாப்பாடு முடிந்ததும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் அதே இடைவெளி.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறையக் குடிக்கத் தொடங்கினால் இரத்தப் பரிசோதனை எண் மாறலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். நாடலால் என்ற இரத்த அழுத்த மருந்தைக் கிரீன் டீ உறிஞ்ச விடாமல் செய்கிறது. போர்டிசோமிப் என்ற புற்றுநோய் மருந்தின் வேலையை இஜிசிஜி கெடுக்கும் என்று ஆய்வகத்தில் தெரிந்திருப்பதால், அந்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் காபி, டீ, கோலா எல்லாம் சேர்த்துக் காபீன் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை கிரீன் டீயில் சுமார் 30 இருக்கும். மற்றவர்களுக்கு நாளைக்கு இரண்டு மூன்று கோப்பை தாராளம்.

எந்த இலை வாங்குவது?

விலை உயர்ந்த ஜப்பான் தூள்தான் வேண்டும் என்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரணப் பச்சை இலையே போதும். கேமரன் மலையில் 1929லிருந்து தேயிலை விளைகிறது, நம் தாத்தா பாட்டிமார் முதுகில் கூடை சுமந்து பறித்த மலை அது. அங்கே போகிறவர்கள் கடையில் பச்சை இலை இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

பினாங்கின் ஈரக்காற்று இலைக்கு எதிரி. இறுக மூடும் டின்னில், அடுப்புக்குத் தள்ளி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சிறு பொட்டலமாக வாங்குங்கள். இலை பழுப்பேறி, மணமும் போயிருந்தால் கேட்டச்சினும் பெருமளவு போயிருக்கும்.